ஆற்றங்கரைக் கண்ணாடிப் பெட்டியில் உன் டிரம்பெட்

அன்பு மகள் மரிசேலாவுக்கு,

இங்கே உன் அம்மாவும் நானும் என் முழங்காலும் இந்த யூமா ஊர் வெயிலும் இருக்கிறோம், இதில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அலாஸ்காவில் நீயும் உன் கைகால் விரல்கள் இருபதும் பத்திரமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். ஃபோனில் இரண்டு வார்த்தை பேசுவதற்கே அலுத்துக்கொள்கிறவன் பேனா பிடித்திருக்கிறானே என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. குளிருக்குப் பயந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் வண்டிவீடுகளோடு வந்து இறங்கிவிட்டார்கள், மருந்துக்கடையில் நின்றால் எனக்கு முன்னால் முப்பது பேர், எல்லோரும் என்னைவிடத் தெம்பாக இருக்கிறார்கள். வயலில் லெட்டூஸ் கீரை அறுப்பு நடக்கிறது. உன் அம்மா கிறிஸ்துமஸ் தமாலே கொழுக்கட்டைக்கு மாவு பிசைவதில் மாதா கோவில் பெண்கள் எல்லோரோடும் ஒரு சுற்றுச் சண்டை முடித்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் விழா, வந்தே ஆக வேண்டும் என்று உன் அம்மா என்னை இழுத்துப் போனாள். மூன்று மாதமாக உன் தம்பி ரமிரோவும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான், நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கரைமேட்டில் நிற்கிற அந்தப் பழைய சிறைச்சாலையை நான் இன்னும் எத்தனை முறைதான் பார்ப்பது? உன் பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் அதற்குள் நடந்தது என்பதற்காக இன்றுவரை உங்கள் அணிக்குக் ‘குற்றவாளிகள்’ என்று பெயர், அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு நீ பேண்டில் டிரம்பெட் ஊதிப் போனாய், தெருவோரம் நின்று நாங்கள் கைதட்டினோம், உலகத்தில் வேறெந்தப் பெற்றோரும் இதற்குக் கைதட்ட மாட்டார்கள். ஆனால் நான் போகாததற்குச் சிறை காரணமில்லை. அதற்குக் கீழே இருக்கும் சதுப்புநிலம்தான் காரணம். உன் தம்பி நான்கு வருடமாக அங்கேதான் வேலை செய்கிறான், கரையை அடைத்துக்கொண்ட உப்புச்சவுக்கை மரத்தை வேரோடு பிடுங்கி, இந்த மண்ணின் காட்டன்வுட் மரக்கன்று நடுகிற கூட்டத்தில் அவன்தான் மேஸ்திரி. குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இதெல்லாம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் அவனைப் பற்றி நான் வாயெடுத்தாலே நீ வானிலை விசாரிப்பாய்.

அந்த இடத்தை நீ பார்த்தால் நம்ப மாட்டாய். பழைய டயரும் செத்த நாயும் கிடந்த இடத்தில் தண்ணீர் ஓடுகிறது, சம்புக்கோரை ஆளுயரம் நிற்கிறது, உள்ளேயிருந்து ஏதோ பறவை கைதட்டுகிற மாதிரி சத்தம் போடுகிறது, ஒருவருக்கும் முகம் காட்டாது. கன்றுக்கெல்லாம் கம்பிவலை கட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் பீவர் என்கிற மரம் கொறிக்கும் பிராணி வந்து கடித்துச் சாய்த்துவிடுமாம். சுற்றிக்காட்டியது அக்கரை க்வெச்சான் பழங்குடி ஆட்களில் ஒருத்தி, லோரெட்டா, என்னோடு லெட்டூஸ் பெட்டி கட்டினவள். என்னைக் கண்டதும் கூட்டத்துக்கு முன்னால், “இவரு பக்கத்துல பதினஞ்சு வருசம் நின்னேன், ஒருநாள்கூட ஒரு பெட்டியை ஒழுங்கா அடைச்சதில்ல” என்றாள். அதோடு விட்டாளா? “எங்க ஆளுங்க இந்த ஆத்தங்கரையில என்னிக்கோ இருந்து குடியிருக்கோம், தண்ணியில ஒரு சோபாகூட எறிஞ்சதில்ல. நீங்கல்லாம் வந்தீங்க, நாங்க உங்க குப்பையைப் பொறுக்கிட்டு இருக்கோம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு, பின்தங்கிக் கடைசி ஆளாக நடந்தேன்.

நடையின் கடைசியில் ஒரு கொட்டகை, மண்ணிலிருந்து எடுத்ததையெல்லாம் அதில் வைத்திருக்கிறார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பச்சைக் களிம்பு படிந்து, வாய் நசுங்கி, ஒரு டிரம்பெட். அட்டையில் “நீராவிக் கப்பல் காலத்து ஊதுகருவி, சுமார் 1870” என்று எழுதியிருந்தது. மினசோட்டாவிலிருந்து வந்து சும்மா இருக்க முடியாமல் தொண்டு செய்கிற ஹரால்ட் என்ற கிழவர் பக்கத்தில் நின்று, கீழே கீறியிருந்த M என்ற எழுத்து மொஹாவி என்ற கப்பலின் பெயராகத்தான் இருக்கும் என்று கண்கலங்க விளக்கினார். அந்த M-ஐ நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஆணியால் நீ கீறினதை நான் பார்த்திருக்கிறேன். வாய் நசுங்கினது சிறை வாசற்படியில் நீ விழுந்தபோது.

நான் திரும்பினேன், ரமிரோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனான். சாக்கைத் தூக்கினான், அடியில் ஒரு சலவை இயந்திரத்தின் மூடி, பச்சை நிறம், மேலே உன் அம்மா ஒட்டின குவாதலூப்பே மாதா படம் பாதி உரிந்திருந்தது. “தோண்டும்போது மிஷினுக்கு உள்ளதான் இருந்துச்சுப்பா. நான்தான் வெளிய எடுத்தேன். பாத்ததும் புரிஞ்சுபோச்சு, மிஷினைப் பத்தி யாருகிட்டயும் சொல்லல” என்றான். அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

மரிசேலா, அவன் விற்கவில்லை. நீ அலாஸ்காவுக்குக் கிளம்பிப் போன அந்த வாரத்தில், போகாதே என்று சொல்லியும் போனாயே என்கிற ஆத்திரத்தில், கெட்டுப்போன சலவை இயந்திரத்தை வண்டியில் ஏற்றினேன், உன் டிரம்பெட்டை அதற்குள் போட்டு மூடினேன், இந்த ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி கரையிலிருந்து உருட்டிவிட்டேன். அனுப்பி வை என்று நீ கேட்டபோது தெரியாது என்றேன். ரமிரோ குடிக்க விற்றிருப்பான் என்று நீயே முடிவு கட்டினாய், நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்மேல் ஒரு வருடம் கோபமாக இருந்திருப்பாய். சொல்லாததால் நீ பதினொரு வருடம் அவனோடு பேசவில்லை, அவன் கல்யாணத்துக்கு வரவில்லை, அவன் பிள்ளைக்கு உன் முகம் தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் அம்மாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து அவள் தட்டை மேசையில் வைக்கிற சத்தம்தான் எங்கள் பேச்சு.

நீயே அக்காவிடம் ஃபோனில் சொல்லிவிடேன் என்று ரமிரோவைக் கேட்டேன். “நான் விக்கலன்னு பதினோரு வருசமா மெசேஜ் அனுப்பிட்டுதான் இருந்தேன், அவ நம்பல. நீங்க உங்க கையால எழுதுங்க” என்றான். அதனால்தான் காகிதம். ஹரால்டிடமும் போய் உண்மையைச் சொன்னேன், பாவம், மனிதர் முகம் விழுந்துவிட்டது, அட்டையை எடுக்கப் போனார். ரமிரோதான் தடுத்தான். “இருக்கட்டும் விடுங்க. எங்க அக்கா வந்து பாத்துச் சிரிக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்” என்றான்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், மீனை மட்டும் தின்று காலம் தள்ளாதே. மாதா உன்னைக் காக்கட்டும், நீ நன்றாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. இந்தத் தாளின் பின்பக்கம் ரமிரோவின் நம்பர் எழுதியிருக்கிறேன். முதலில் அவனைக் கூப்பிடு. பிறகு என்னைக் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பேண்டில் ஒருநாளும் வாசிக்காத குற்றவாளி,
உன் அப்பா எவரிஸ்தோ ஒலிவாஸ்