ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேருமா?

ஏப்ரல் 4

வாயாடித் தங்கைக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பாய். அதனால் எழுதுகிறேன். என் கல்லீரலில் ஒரு கட்டி. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, ரோபோ வைத்து எடுத்துவிடலாமாம். எடுங்கள் என்று நான் தயாராக நின்றால், டாக்டரம்மா மாட்டேன் என்கிறார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறதாம், கல்லீரல் முழுக்கக் கொழுப்பாம். கட்டி மெதுவாக வளர்கிற வகைதான், ஆறு வாரம் உடம்பைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்கிறார்.

"மெஷின்தானே வெட்டப்போகுது? நான் எதுக்குப் பட்டினி கிடக்கணும்?" என்று கேட்டேன்.

"மெஷினை ஓட்டப்போறது நான். வெட்டினதுக்கு அப்புறம் மீதிக் கல்லீரலை வச்சு வாழப்போறது நீங்க," என்றார்.

நான் இனிப்பையே தொடுவதில்லை என்று உனக்குத் தெரியும். பேக்கரிக்காரன் என்றாலே இந்தப் பழிதான். வேறொரு ஆஸ்பத்திரியில் உடனே வந்து படுக்கச் சொல்கிறார்கள். அங்கேயே போய்விடலாம் என்றிருக்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 9

பிடிவாதக்கார அண்ணனுக்கு,

அந்த ஆஸ்பத்திரி வாசலை நீ மிதித்தால், உன் வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன். நான் வேலை பார்க்கும் பஸ் டெப்போவின் டாக்டரிடம் விசாரித்தேன். கொழுப்பு படிந்த கல்லீரல் தொட்டாலே கிழியுமாம், ரத்தம் நிற்காதாம். சர்க்கரை இருந்தால் புண் ஆறாது. வெட்டியது போக மிச்சம் விட்ட கல்லீரலும் சீக்கிரம் வளர்ந்து பழைய அளவுக்கு வராதாம்.

இனிப்பைத் தொடுவதில்லையா? விடிந்ததிலிருந்து கடை சாத்தும்வரை கரண்டியும் வாயுமாக நிற்கிறாயே, அது என்ன? ஒரு நாள் மட்டும் நான் சொல்வதைச் செய். நீ ருசி பார்க்கும் ஒவ்வொரு கரண்டிக்கும் இன்னொரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வை. பிறகு எனக்கு எழுது.

கோபமாக இருக்கும் தங்கை

ஏப்ரல் 15

தங்கைக்கு,

க்ரீம், ஜாம், கேக் மாவு எல்லாம் சேர்ந்து மத்தியானத்துக்குள் கிண்ணம் நிரம்பி வழிந்தது. மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, இது யாருக்கு?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கரண்டியை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் ருசி பார்க்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பதுதான் பெரும்பாடு. போதாதென்று, எல்லாவற்றிலும் சர்க்கரையைக் குறைத்துவிட்டாள். ஒருவராவது முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன். பாழாய்ப்போனவர்கள், நன்றாக இருக்கிறது என்று இரண்டிரண்டாக வாங்கிப்போகிறார்கள்!

வேறு ஆஸ்பத்திரிப் பேச்சே இனி இல்லை. காலையும் மாலையும் நடக்கிறேன். அப்படி நடக்கும்போதுதான் பயம் வருகிறது. இதை உன்னிடம்தான் சொல்லமுடியும்.

அண்ணன்

மே 27, ஆபரேஷன் தியேட்டர் வாசல்

அண்ணா,

நீ உள்ளே இருக்கிறாய். எனக்குக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உன் மருமகள் பக்கத்து நாற்காலியில் விரல் நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டாள். காலையில் உன் பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியபோது சிரித்தேன். இப்போது ஏன்தான் சிரித்தேனோ என்றிருக்கிறது.

டாக்டரம்மா வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்.

மாலை.

"கட்டியை முழுசா எடுத்தாச்சு. ரத்தம் பெருசா போகல. முதல்ல ஸ்கேன்ல பார்த்த கல்லீரலா இதுன்னு இருந்துச்சு. பாதி வேலையை அவரே முடிச்சுட்டுத்தான் வந்திருக்கார்," என்றார். எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போயிருக்கிறது. மீதிக் கல்லீரல் நன்றாக வளரும் என்று நம்பிக்கையாகச் சொன்னார்.

மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து, "பயந்துட்டியா?" என்று கேட்டாய். உனக்கு நினைவிருக்காது. "நான் எதுக்குப் பயப்படணும்?" என்றேன். பொய், அண்ணா. ரொம்பப் பயந்துவிட்டேன்.

உன் தங்கை