கிணத்துக்கட்டில எழுதின வருசம்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் சுகம்.

இஞ்ச கட்டார் நாட்டில, பூங்கா வேலையில நான் நட்ட மரத்துக்குக் கீழ நேற்று சாப்பிட இருந்தனான். பூங்காக் காவலாளி எழுப்பி விட்டிட்டான். சிரிப்புத்தான் வந்தது.

எங்கட காணியில முப்பத்தைஞ்சு வருச மரம் நிக்குதாம், அதால அது காடாம் எண்டு அதிகாரிமார் எல்லைக்கல்லு நட்டதைத் தங்கச்சி சொன்னவள். தொண்ணூறில புலிகள் எங்கட ஆக்களை வெளியேற்ற, நீங்கள் முல்லைத்தீவை விட்டு ஓடியும் முப்பத்தைஞ்சு வருசம்தானே உம்மா. திரும்பி வந்து துப்புரவாக்கேக்க, வாப்பா நிழலுக்கெண்டு பாதியை வெட்டாமல் விட்டவர். அந்தப் பாதியிலதான் இப்ப கல்லு.

அதுக்குள்ள இருக்கிற கிணத்துக்கட்டில வாப்பா கிணறு கட்டின வருசத்தை 1986 எண்டு எழுதினவர். அதிகாரிமாருக்குக் காட்ட, தங்கச்சியை அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. படத்தில நீங்களும் நில்லுங்கோ.

வேலை வாகனம் வந்திட்டுது. கோவத்தில மரங்களை வெட்டிப்போடாதேங்கோ உம்மா. நாங்கள் இல்லாத காலம் எங்கட காணியில நிண்டது அதுகள்தான்.

மகன் றஸ்மி