சீட்டிக்குத் திரும்பாத ஆடுகள்

மாமா,

முதலில் பிள்ளைகள் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவன் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், சொந்த வீடு வாங்கிவிட்டான். அவன் தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வார்டுக்கே அவள்தான் பொறுப்பாம். நம் மகள் வயிற்றுப் பேரன் பாலிடெக்னிக்கில் முதலாவதாக வந்தான். கடைக்குட்டிப் பேத்தி மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் இதையெல்லாம் கீரை விற்க வருகிறவளிடம்கூடச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொல்லாமல் இருப்பேனா?

அந்தக் கடைக்குட்டிதான் நேற்று, பசுமலை வீட்டு மாடியில் நின்றுகொண்டு, தெருமுனையைத் தாண்டிப் போன ஆட்டோவை இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்து நிறுத்தினாள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பொம்பளப் புள்ள விசிலடிச்சா வீடு வெளங்குமா? நீங்களாவது கண்டிக்கக் கூடாதா?" என்று என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளே வந்து பேத்தியின் நோட்டை எடுத்தேன். அதனால்தான், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்களுக்கு இந்தக் கடுதாசி.

கண்மாய்க்கரை வேலமரத்தில் ஏறி ஆட்டுக்குக் குழை வெட்டும்போது கிளை முறிந்து விழுந்தீர்களே, அந்த வருஷத்தைத்தான் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துவிட்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, "மூணு மாசம் காலை ஊனக் கூடாது. ஊனுனா ஆயுசுக்கும் நொண்டிதான்" என்றார்.

நமக்கு நிலம் கிடையாது. அறுபது செம்மறிதான் சொத்து. பட்டியைக் கூட்டுவதும் குட்டிகளைப் பார்ப்பதும் பொம்பளை வேலை, கம்பை எடுத்து வெளியே ஓட்டுவது ஆம்பளை வேலை. அதை யாரும் மாற்றிப் பார்த்ததில்லை. உங்கள் அம்மா ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: "கறிக்காரனுக்குக் குடுத்துருடா. மேய்க்க ஆளில்லாம ஆடு எதுக்கு?"

நீங்கள் கட்டிலில் படுத்தபடியே, "இவ போவா" என்றீர்கள்.

போனேன். முதல் நாளே சீரழிந்தேன். வீட்டில் தண்ணீர் காட்டும்போது கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டால் ஒரு ஆடுகூடத் தலை தூக்கவில்லை. வெளியே போனால் அவற்றுக்கு உங்கள் சீட்டி ஒன்றுதான் தெரியும். மூன்று ஆடுகளைத் தேடிப் பிடிப்பதற்குள் கால் முழுக்க முள்.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டுச் சீட்டி சொல்லிக்கொடுத்தீர்கள். வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ரயில் போகும்போது மட்டும்தான் பழக வேண்டும், அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பது உங்கள் யோசனை.

"வெரல வாயில வச்சு நாக்க மடி, புள்ள. ஊது."

"காத்துதான் வருது."

"என்னைய ஏசுறப்ப வருதுல்ல, அம்புட்டு மூச்சு, அத ஊது."

ஒன்பதாம் நாள் வந்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். சிரித்த வாயோடு குரலைத் தாழ்த்தினீர்கள். "ஆளுக இருக்கிற எடத்துல அடிச்சுறாத. நான்தான் பழக்குனேன்னு தெரிஞ்சா ஊருக்குள்ள ஒருத்தன் மதிக்க மாட்டான்." உங்கள் தலையில் கை வைத்துச் சரி என்றேன்.

ஒரு மாதம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். அப்புறம் அந்த மத்தியானம். பம்புசெட்டு அண்ணனின் அறுப்பு முடிந்த வயலில் ஆடுகள் தாள் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வயலில் ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் கதிர் அறுத்துக்கொண்டு இருந்தார்கள். கிடா ஒன்று தண்டவாள மேட்டில் ஏறியது. செம்மறியின் புத்திதான் தெரியுமே, ஒன்று ஏறினால் அத்தனையும் ஏறும். திருமங்கலம் பக்கம் புகை தெரிந்தது. கத்தினேன், கம்பால் தரையில் அடித்தேன், கல்லை எறிந்தேன். தண்டவாளத்தின் மேல் கூட்டமாக நின்று என்னையே பார்த்தன. எஞ்சின் ஊதியது.

விரலை வாயில் வைத்துவிட்டேன், மாமா.

அறுபதும் மேட்டிலிருந்து சரிந்து என் காலடிக்கு வந்தன. ரயில் போய் முடிந்தபோது அறுப்பு வயலில் ஒரு அரிவாள்கூட அசையவில்லை.

பொழுது சாய்வதற்குள் பம்புசெட்டு அண்ணன் இன்னும் நாலு பேரோடு வந்து உங்கள் கட்டிலைச் சுற்றி நின்றார். "மாப்ள, ஒன் ஆட்டுக்கு நாங்க குறை சொல்லல. ஆனா சீட்டியடிக்கிற பொம்பள எங்க வயலுக்குள்ள கால வைக்கக் கூடாது. ஆம்பள ஓட்டிட்டு வந்தா வரட்டும், இல்லேன்னா எங்க வயல மறந்துரு. ஆமா, யாரு இதுக்குப் பழக்குனது?"

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். "தெரியல" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கு நானே ஓட்டிட்டு வாரேன்" என்றீர்கள். கட்டுப் போட்டு ஐம்பது நாள்கூட ஆகவில்லை.

"கால் போயிரும்" என்றேன்.

"மானம் போனதுக்கு மேலயா?"

விடிந்ததும் கம்பை ஊன்றி, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றீர்கள். வேடிக்கை பார்க்க ஊரே இருந்தது. நான் பட்டிப் படலைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். நீங்கள் சீட்டி அடித்தீர்கள். ஆடுகள் நாலடி வைத்தன, பின்பு திரும்பி வந்து என்னைச் சுற்றி நெருக்கின. இரண்டாம் தரம் அடித்தீர்கள். மூன்றாம் தரம் உங்கள் உதடு காய்ந்துபோய்ச் சத்தமே எழவில்லை.

"ஆடே ஆள மாத்திருச்சுடா மாப்ள!" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

நொண்டிக்கொண்டு திரும்பி வந்து கம்பை என் கையில் வைத்தீர்கள். எல்லார் காதிலும் விழும்படி, "நான்தான் பழக்குனேன். நல்லாப் பழக்கிருக்கேன் போல. சீட்டிய அடிச்சுக் கூட்டிட்டுப் போ புள்ள, எவன் தடுக்குறான்னு பாக்குறேன்" என்றீர்கள்.

யாரும் தடுக்கவில்லை. கண்மாய்க்குள்ளும் புறம்போக்கிலும் மேய்த்தேன். அடுத்த உழவுக்கு எரு இல்லாமல் பம்புசெட்டு அண்ணன் நம் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, நம்ம வயல்ல நாலு நாளு கெடை போடு" என்றார். உங்கள் கால் நேராகக் கூடியது. ஆனால் நீங்கள் மந்தைக்குத் திரும்பவில்லை. கப்பலூர் பட்டறையில் வாட்ச்மேன் வேலைக்குப் போனீர்கள். பதினாறு வருஷம் நான் ஆடு மேய்த்தேன், பிள்ளைகள் அதில் படித்தார்கள். நீங்கள் அதற்குப் பிறகு ஒரு நாளும் சீட்டி அடிக்கவில்லை. பேரன் கெஞ்சிக் கேட்டபோதும், "எஞ் சீட்டிக்கு ஆடே திரும்பலடா" என்று சிரிப்பாகத்தான் சொன்னீர்கள். அப்போதெல்லாம் எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என் மடி நிறையக் கருவேலங்காய் இருந்தது. விடியுமுன்னே பொறுக்கி, சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தேன். அந்த வாசனைக்குச் செம்மறி கிணற்றில்கூடக் குதிக்கும். உங்கள் கால் போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன். அது நிஜம். ஆனால் அது மட்டும் இல்லை. ஒரு மாதமாகக் காலையில் படலைத் திறந்து, யாரிடமும் கேட்காமல், என் பாட்டுக்கு ஊர் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

உங்களைப் பார்த்து நாலடி வைத்தனவே, அது உங்கள் சீட்டிக்குத்தான், மாமா. திரும்பியது என் மடிக்கு. நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தும் இதை உங்களிடம் சொல்லவில்லை.