மிஷின் மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு,

இது நானே எழுதும் முதல் கடிதம். இரண்டு நாளாக எழுதுகிறேன். சிரிக்காதே.

அடுத்த மாதம் உனக்கு எடுக்கப்போகும் மூளை அலைப் பரிசோதனையின் சீட்டை இங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டாய். எழுத்துக்கூட்டி முழுவதையும் நானே படித்துவிட்டேன்! முதல் நாள் ஷாம்பு போட்டுத் தலையை அலசு. எண்ணெய் வைக்காதே. வலிப்பு மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவார்கள். வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள், கண்ணெதிரே விளக்கை மின்ன வைப்பார்கள். வலிக்காதாம்.

உனக்கு நாலு வயதிலும் இப்படி ஒரு சீட்டுத் தந்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிள்ளை லட்சணமாக இருக்கட்டும் என்று எண்ணெய் வழிய வழியத் தலை பின்னி அழைத்துப் போனேன்.

"எண்ணெய் இருந்தா ஒயர் ஒட்டாதுங்களே! சீட்டுல போட்டிருக்கே, படிக்கலையா?" என்றாள் பரிசோதனை அறையில் இருந்த பெண்.

"கண்ணாடி கொண்டு வரலைம்மா" என்றேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது.

அடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தது. பரிசோதனை முடியாததால் மாத்திரையும் தொடங்கவில்லை; அதற்குள் வலிப்பு வந்து அடுப்பின் மேல் விழுந்தாய். உன் முழங்கைத் தழும்பு அதுதான்.

வீட்டில், "மிஷின் ரிப்பேராம்" என்று சொல்லிவிட்டேன். "பாழாப்போன மிஷின்" என்று உன் அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள். நானும் கூடவே தலையாட்டுகிறேன்.

மிஷின் நன்றாகத்தான் இருந்தது, கண்ணு.

சீட்டையும் இதோடு வைக்கிறேன். தபாலில் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தானே.

உன் அப்பா