குதிரைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த கதை

பென்சில்வேனியா,
மார்ச் 1977

அன்பு மகள் ஆர்லீனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, மாடுகள், முழங்கால் நீங்கலாக நான், எல்லாரும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளை டீட்டரும் பேரன் மத்தியாஸும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். அம்மா உனக்காக ஆப்பிள் வற்றல் கட்டி வைத்திருக்கிறாள், பாதியை நான் தின்றுவிட்டதாகப் புகார் வரும், நம்பாதே, கால்வாசிதான்.

போனில் பையன் ஜெர்மனில் தாத்தா என்று கூப்பிட்டதும் நான் ரிசீவரை அம்மா கையில் திணித்துவிட்டேன் என்று வருத்தப்பட்டிருந்தாய், மாப்பிள்ளை ஜெர்மன்காரர் என்பதால் பிடிக்கவில்லையா என்றும் கேட்டிருந்தாய். அப்படியில்லை கண்ணு. அவர் தங்கமான மனுஷன், இங்கே வந்திருந்தபோது என்னைவிட நன்றாகப் பால் கறந்தார், அதில்தான் கொஞ்சம் எரிச்சல். எனக்குப் பயம் என் வாயைக் கண்டுதான்.

ஜெர்மனியில் சண்டை முடிந்து வந்ததும் குதிரைக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்த மடையன் என்று ஊரே என்னைப் பார்த்துச் சிரித்த கதை உனக்குத் தெரியும். அதுவரை வீட்டிலும் வயலிலும் முப்பாட்டன் கொண்டுவந்த ஜெர்மன் பேச்சுதான், குதிரைக்கும் அதுதான் புரியும். இங்கிலீஷில் நில் என்றால் ஓடியது, ஓடு என்றால் நின்றது. ஏன் மாற்றினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சண்டையில், நாஜிகள் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஒரு முகாமின் வாசலை நாங்கள் திறந்தபோது உள்ளே விறகு அடுக்கியதுபோல் பிணங்கள், நடுவில் எலும்பும் தோலுமாய் உயிரோடு இருந்தவர்கள். உனக்குத்தான் அந்தப் பாஷை வருமே, ஆறுதலாய் நாலு வார்த்தை சொல்லுடா என்றார் கேப்டன். நானும் பெரிய மனுஷன் மாதிரி முன்னால் போய், என் அம்மா என்னைத் தூங்கவைக்கிற குரலில், பயப்படாதீங்க, கிட்ட வாங்க என்றேன். அவ்வளவுதான், எல்லாரும் தலைக் குல்லாவைப் பிடுங்கித் தொடையோடு அடித்து விறைத்து நின்றார்கள். அங்கே அந்தப் பாஷை என்றால் அடிக்கு முன்னால் வரும் குல்லாவைக் கழற்று என்கிற கட்டளைதான். எழ முடியாத ஒருவர் படுத்தபடியே குல்லாவைத் தேடித் துழாவினார். அவருக்குக் குல்லாவே இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று நான் அதே பாஷையில் கத்தக் கத்த இன்னும் விறைத்தார்கள். போதும்டா, வாயை மூடு என்று கேப்டன் என்னை இழுத்துப் போனார். மூடியதுதான், அந்தப் பாஷையை உனக்குக்கூடச் சொல்லித் தரவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு என் இங்கிலீஷ் புரியாது, அந்தப் பேச்சில்தான் பேசியாக வேண்டும். நான் வாய் திறந்ததும் அவன் முகம் எப்படிப் போகுமோ என்பதுதான் கவலை. அதனால் தொழுவத்தில் மாடுகளிடம் அந்தப் பேச்சிலேயே கிட்ட வா ராசா என்று சொல்லிப் பார்க்கிறேன், இதுவரை ஒன்றும் மிரளவில்லை.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணிபோல் காக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, விமான நிலையத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வரும்போது எவ்வளவு குளிர் இருந்தாலும் அவன் தலையில் குல்லா போடாதே. நான் ஒன்று போட்டு வருகிறேன், கழற்றுகிறவன் நானாக இருக்கட்டும்.

பயந்தாங்கொள்ளி அப்பா,
கிளேட்டன்