பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பழைய கப்பல் சமையல்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே பாப்பா நலம். என் வீட்டிலும் எல்லோரும் நலம். அண்ணியைப் பற்றித்தான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தவர் நம் பழைய இன்ஜினியர் மீசைக்காரர். கொதிகலன்களை நீங்கள் முழுசாக அவரிடம் ஒப்படைத்து, இனி இது என் பொறுப்பு என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். ஆகவே இப்போது உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. முதலில் உட்காருங்கள். ஒரு டீ சொல்லுங்கள். எனக்குப் பதில் வந்தவன் போடுவது டீயா, பாத்திரம் கழுவிய தண்ணீரா என்று தெரியாது. இருந்தாலும் குடியுங்கள்.

நாம் இருவரும் ஊருக்குக் கிளம்பிய அன்று நான் முன்னாலேயே படகில் இறங்கிவிட்டேன். உங்கள் பெட்டியும் கயிற்றில் இறங்கி என் காலடிக்கு வந்துவிட்டது. நீங்கள் மட்டும்தான் பாக்கி. அப்போது மேலே இருந்து கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் இடத்துக்கு வந்த இன்ஜினியரே முகம் தொங்கிப்போய் அதே படகில் திரும்பி வந்தார். காலமெல்லாம் டீசல் கப்பலிலேயே வேலை பார்த்தவராம். இது நீராவிக் கப்பல் என்று ஆபீசில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. "நான் பாய்லர் பக்கமே போனதில்லங்க, அதுக்கான சர்டிபிகேட்டும் கிடையாது. தெரியும்னு பொய் சொல்லி அத்தனை பேர் உயிரோட விளையாட முடியுமா?" என்று கரை வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எஞ்சின் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்து அனுப்பிய புண்ணியவான் மேல்தான் கோபம். அரைக்க ஆள் கேட்டால் இரைக்க ஆள் அனுப்புகிற ஆபீஸ்.

அடுத்தது என் மடத்தனம். அந்த வாரம் கப்பலில் போன் வேலை செய்யவில்லை. வீட்டுக்கு ஆபீஸ் சொல்லியிருக்கும் என்று நான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று ஆபீஸ் நினைத்திருக்கும். நான் பாட்டுக்கு உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மணி அடித்தேன். கதவைத் திறந்த அண்ணி முதலில் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆள் வராமல் பெட்டி மட்டும் வந்தால் ஒரு மனைவி என்ன நினைப்பாள் என்று அந்த நிமிடம்தான் என் மண்டைக்கு உறைத்தது. "அண்ணன் நல்லா இருக்காரு, நல்லா இருக்காரு" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணி சிரித்தார். அப்புறம் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பயம் தெளிந்த அழுகை என்றால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். அது ஓயவில்லை.

பாப்பா என்னை விடவில்லை. அப்பா கப்பலில் என்ன செய்கிறார் என்று கேட்டாள். வாயுவை நன்றாகக் குளிர வைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிக் கொண்டுபோகிறோம், அதில் ஆவியாகிற கொஞ்சத்தைப் பிடித்து அப்பா எரிக்கிறார், அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்து, அந்த நீராவியில் கப்பல் ஓடுகிறது என்றேன். "அப்ப ஏத்திட்டுப் போற சாமானையே தின்னுக்கிட்டே போகுதா?" என்று கேட்டாள். சமையல்காரன் நானும் அந்த ஜாதிதான் என்றேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

அண்ணியின் தங்கை என்னைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டது. அங்கே வைத்துத்தான் சொன்னது. அண்ணிக்கு மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை செய்து பார்த்துவிட்டார்கள், கெட்ட கட்டிதான். இன்னும் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பயம் இல்லை, நாள் கடத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அண்ணியோ, அவர் வந்த பிறகுதான் என்று இரண்டு தடவை தேதியைத் தள்ளிவிட்டார். மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடச் சொல்கிறவர்!

அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். போனில் ஏன் சொல்லவில்லை என்றேன். "நெருப்பு பக்கத்துல நிக்கிற மனுஷன் தம்பி. மனசு இங்க வந்துட்டா கை அங்க என்ன செய்யும்?" என்றார். கப்பல்காரன் வீடுகளில் எல்லாம் இதே வழக்கம்தானே. என் அப்பா காலமானதை நான் ஊர் வந்து சேர்ந்து, கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்த பிறகுதான் சொன்னார்கள். வெறும் அடுப்படிக்காரன் எனக்கே அப்படி. அவர்கள் நல்லதற்குத்தான் செய்தார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் இன்றுவரை எனக்குத் தொண்டையில் நிற்கிறது அண்ணா.

வாயைத் திறக்க மாட்டேன் என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கினார். எழுத மாட்டேன் என்று வாங்கவில்லை. ஆனாலும் நீங்கள் கொதிகலன் முன்னால் நிற்கும்வரை எழுதக் கூடாது என்று எனக்கே பட்டது. அதனால் முதலில் ஆளைப் பிடிக்க அலைந்தேன். மீசைக்காரர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார், பாய்லர் சர்டிபிகேட் இன்னும் உயிரோடு இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூட எழுந்து போய் எட்டிப் பார்க்கிறாராம். விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் வீட்டம்மா என்னைத் திட்டின திட்டு தனிக்கதை.

நீங்கள் வருவது அண்ணிக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வருகிறீர்கள் என்பது தெரியாது. ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பாப்பாவை என் வீட்டில் விடுங்கள், சோறு போடுவதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும். எல்லாம் நல்லபடியாக முடியும். டாக்டரம்மா சொன்னதை நானே போய்க் கேட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

மீசைக்காரர் கீழே கொதிகலன் பக்கம் போய்விட்டிருப்பார். படகு வந்திருக்கும். கப்பல் ஏணி ஈரமாக இருக்கும் அண்ணா, கண் நிறைந்தால் படி தெரியாது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். படகில் உட்கார்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள். ஏணியில் வேண்டாம்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் தம்பி,
சமையல்காரன்