சட்டி ஓட்டில் எழுதிய பெயர்

சைதாப்பேட்டை
அக்டோபர் 1974

ஐவிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், அங்கே நீ சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் வேண்டிக்கொள்ளவில்லை, அதனால் எழுதவில்லை. மேலே சைதாப்பேட்டை என்று போட்டிருப்பதைப் பார்த்து முழித்திருப்பாய். சாந்தோம் வீட்டில் நான் இப்போது இல்லை, காரணம் நீதான். விவரமாகச் சொல்கிறேன், சந்தோஷமாகப் படி.

ஜாம்பியாவில் நீ ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்ட அந்த அக்பர் பாஷாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் வந்து தங்கலாமா என்று போன மாதம் எழுதியிருந்தாய். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், பெற்றவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிக்கொண்டவளுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு கேடா என்று சத்தம் போட்டேன். உன் அம்மா மர்சலின், பிள்ளைய ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு செத்துப்போறேன் என்று அதையே பாடிக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் அகஸ்டின் வாயைத் திறக்கவில்லை. அவன் என்றைக்குத் திறந்தான், பொண்டாட்டி ஜெசிந்தா உத்தரவு கொடுத்தால்தான் கொட்டாவியே விடுவான்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. செபமாலை முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு இங்கிலீஷ் சொல், அதன் அர்த்தம், அது பிறந்த கதை, எல்லாம் நான் சொல்வேன். அதை வைத்து ஒழுங்காக ஒரு வாக்கியம் சொன்னால்தான் தட்டில் சோறு விழும். எத்தனை நாள் வெறுந்தட்டைப் பார்த்து அழுதிருக்கிறாய். அழட்டும் என்றுதான் விட்டேன், அந்தப் பசியில்தான் இன்று நீ அந்நிய தேசத்தில் டீச்சர். உன் கடிதம் வந்த அன்றைக்கு வேண்டுமென்றே ஆஸ்ட்ரசைஸ் என்ற சொல்லை எடுத்தேன். ஒருவரைச் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பது என்று அர்த்தம். கிரேக்க மொழியில் ஆஸ்ட்ரகான் என்றால் சட்டி ஓடு. ஏதென்ஸ் நகரத்தில் யார் ஊரை விட்டுப் போக வேண்டுமோ அவன் பெயரை ஜனங்கள் உடைந்த ஓட்டில் கீறிப் போடுவார்கள், அதிகம் பேர் யார் பெயரை எழுதினார்களோ அவன் பத்து வருஷம் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது.

கதையோடு விட்டிருக்கலாம். காலையில் மீன்குழம்புச் சட்டி உடைந்திருந்தது, அந்த ஓடுகளை எடுத்துவரச் சொல்லி ஆளுக்கு ஒன்றும் ஒரு கரித்துண்டும் கொடுத்தேன். இந்த வீட்டில் யார் இருக்கக்கூடாதோ அந்தப் பெயரை எழுதுங்கள், முடிவுக்கு நானும் கட்டுப்படுகிறேன் என்று திரு இருதய ஆண்டவர் படத்தின் முன்னால் சத்தியம் செய்தேன். உன் பெயரை அவர்கள் கையாலேயே எழுதவைத்து, அதை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நான் ஐவி என்று எழுதினேன், அழகாகவே எழுதினேன்.

உன் அம்மா ஓடுகளைத் திருப்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை, அகஸ்டின் அப்பா என்பாள், ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். அந்த வாயால் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். லூயிஸ். லூயிஸ். லூயிஸ். மூன்றாவது ஓட்டில் இருந்தது அவள் கையெழுத்து. நான் சிரித்து, இது விளையாட்டு என்றேன். ஜெசிந்தா, சத்தியம் பண்ணது நீங்கதானே மாமா என்றாள். நான் தட்டை நகர்த்தி சோறு போடச் சொன்னேன். அந்தச் சொல்ல வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க, போடறேன் என்றாள் உன் அம்மா. காலமெல்லாம் கிளாஸில் கத்திய வாய்க்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு என் பெயரில் இருக்கிறது, போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவர் படத்தின் முன்னால் சொன்ன சொல்லை மீற எனக்குத் தெரியாது, அதையெல்லாம் நீ மீறுவாய். அகஸ்டின் எவ்வளவு சுறுசுறுப்பாக அறை பார்த்துக் கொடுத்தான் தெரியுமா, ரயில் சத்தம் ராத்திரி பகல் ஓய்வதில்லை. வீட்டுக்காரன் வேலு, இன்னா வாத்தியாரே, வூட்ல தொரத்திட்டாங்களா என்று முதல் நாளே கேட்டான். பேச்சை நிறுத்து என்றேன். அப்ப ஆமாம்தான் என்று போய்விட்டான்.

நீ டிசம்பரில் தாராளமாக வா, உன் அம்மா என் கட்டிலை உங்களுக்கு ஒழித்து வைத்துவிட்டாளாம். பனி ஆகாது, பிள்ளைக்குத் தலையில் குல்லா போடு. நீ தங்கும் நாட்களில் நான் அந்தப் பக்கம் பூசைக்கு வரமாட்டேன், வழியில் என்னைப் பார்த்தால் தோத்திரம் சொல்லாதே. உனக்கு என் ஆசீர்வாதம் கிடையாது. பிள்ளைக்கு உண்டு, அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று எழுது, செபத்தில் சொல்லப் பெயர் வேண்டும். அம்மாவுக்கு நீ எழுதும்போது இதையும் கேட்டுச் சொல். ஏதென்ஸ்காரனுக்குப் பத்து வருஷம் கழித்தாவது வழி உண்டு, எனக்கு எப்போது என்று அகஸ்டின் மூலம் உன் அம்மாவிடம் கேட்டனுப்பினேன். என் அடக்கத்துக்கு வரச் சொல்லு, போதும் என்று பதில் அனுப்பியிருக்கிறாள். அவள் கோபத்தில் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
லூயிஸ்